தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் (இசைக்குழு)

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது சென்னையைச் சேர்ந்த தமிழ் இசைக்குழு ஆகும். கானா, ராக், ராப் ஆகியவற்றை இணைத்துப் பாடும் இக்குழுவின் முதன்மையான பாடுபொருள் சாதி எதிர்ப்பு. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் அமைப்பும் இணைந்து 2017-இல் இதனை உருவாக்கின.

பெயர்க் காரணம்

ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதிப் பெயரால் குறிக்காமல் சாதிபேதமற்றவர்கள் என்று பதிவு செய்ய வேண்டும் என 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலியுறுத்தியவர் அயோத்திதாசர் (1845–1914). 'சாதியற்ற கூட்டு' என்று பொருள்படும் இக்குழுவின் பெயர் அவருடைய சிந்தனையிலிருந்து எடுக்கப்பட்டது.

ராக் இசைப் பின்னணி

ராக் இசை 1950-களில் அமெரிக்காவில் வளர்ந்தது. அதன் முக்கிய வேர், அடிமை முறையையும் இனப் பாகுபாட்டையும் அனுபவித்த கறுப்பின மக்களின் புளூஸ் இசை. 1962-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ரோலிங் ஸ்டோன்ஸ் குழு, தன் பெயரையே கறுப்பின இசைக்கலைஞர் மடி வாட்டர்சின் பாடல் ஒன்றிலிருந்து பெற்றது.

இந்த இசை இந்தியாவுக்கு வந்தபோது பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த நகர இளைஞர்களிடையே பரவியது. 1984-இல் மும்பையில் உருவான ராக் மெஷின் குழு ஆங்கிலத்தில் பாடியது. 1990-இல் தில்லியில் தொடங்கிய இந்தியன் ஓசன், நாட்டுப்புறப் பாடல்களையும் இந்திய மொழிகளையும் ராக் இசைக்குள் கொண்டுவந்தது. தமிழில் சேரிப் பாடல்களையும் அவற்றைப் பாடுவோரையும் ராக் மேடையின் நடுவில் நிறுத்தியது காஸ்ட்லெஸ் கலெக்டிவின் பங்களிப்பு ஆகும்.

இசையும் கருவிகளும்

கானா வடசென்னை உழைக்கும் மக்களின் பாடல் வகை. இறந்தவரைப் பற்றி இரவு முழுவதும் பாடப்படும் மரண கானா அதன் முக்கிய வடிவம். 1990-களில் தேவாவின் இசையால் திரைப்படங்களில் கானா புகழ்பெற்றது. எனினும் அங்கே காதலும் கேலியுமே மிகுந்திருந்தன.

மாட்டுத்தோல் போர்த்திய பறை, சாவு வீட்டோடும் சாதியோடும் பிணைக்கப்பட்டதால் நெடுங்காலம் இழிவாகக் கருதப்பட்டது. இக்குழுவில் பறை, தவில், சட்டி, கட்ட மோளம் ஆகியவை கிதார், டிரம்ஸ் ஆகியவற்றுக்கு இணையாக ஒலிக்கின்றன. இங்கு ராக் கருவிகள் முன்னணியிலும் பறை பின்னணியிலும் இருப்பதில்லை. தாளத்தை வழிநடத்துவதே பெரும்பாலும் தோல்கருவிகள்தாம்.

அரங்கேற்றம்

2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. தேர்வு செய்யப்பட்ட 19 கலைஞர்கள் ஒரே மாதிரியான கோட் சூட் அணிந்து மேடையேறினர். இந்த உடை அம்பேத்கரை நினைவூட்டியது. நகரின் சபாக்களில் கருநாடக இசை ஒலிக்கும் அதே மார்கழி மாதத்தில், கானா கேட்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். தொடக்கக் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண் இசைவாணி ஆவார்.

பாடல்கள்

இட ஒதுக்கீட்டை விளக்கும் 'கோட்டா' பாடல், அம்பேத்கரைப் போற்றும் 'ஜெய்பீம்' பாடல், மாட்டுக்கறி உணவைப் பற்றிய பாடல் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. சபரிமலையில் பெண்கள் நுழைவது குறித்து இசைவாணி பாடிய பாடல் வரவேற்பையும் எதிர்ப்பையும் பெற்றது. கடினமான அரசியல் செய்திகளைக் கூட நையாண்டியோடும் அன்றாடச் சென்னைப் பேச்சிலும் சொல்வது இப்பாடல்களின் இயல்பு.

தாக்கம்

ஆண்களே மிகுதியாகப் பாடிவந்த கானாவில் தனியிடம் பெற்ற இசைவாணி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான அறிவு, 2019-இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். நிலமற்ற உழைப்பாளிகளைப் பற்றி அவர் எழுதி, பாடகி தீயுடன் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-இல் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது பெரும் விவாதமானது. அதன்பின் அறிவின் படத்துடன் அவ்விதழ் தனி அட்டை வெளியிட்டது. பாடல் புகழ்பெற்றாலும் அதை எழுதியவர் மறைக்கப்படலாம் என்ற கேள்வியை இந்நிகழ்வு பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

2020 திசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. பறை, கானா, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாடல் ஆகியவற்றின் கலைஞர்களுக்கு இசைவிழாக் காலத்திலேயே மேடை அளிப்பது இவ்விழாவின் நோக்கமாகும்.