சேர்ப்பவரும் கழிப்பவரும் ஒரே வீட்டில்

பேரி யூர்க்ராவ் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த எழுத்தாளர். அவருடைய வீடு முழுக்கப் பெட்டிகளும் பைகளும் அடைந்து கிடந்தன. காதலி பொறுமை இழந்து கடிந்துகொண்ட பிறகுதான் அதை ஒழுங்குபடுத்த இறங்கினார். நாலு நாள் லீவு போட்டு முடிக்கிற வேலையாக அது இருக்கவில்லை. வீடு ஒழுங்கு செய்து தருவதையே தொழிலாகக் கொண்டவர், உளப்பகுப்பாய்வாளர், இதே சிக்கலில் இருப்பவர்கள் கூடிப் பேசும் சுயஉதவிக் குழு என்று பலரையும் தேடிப் போனார். விரிசல் விட்ட ஒரு பாஸ்தா கிண்ணத்தைக் கழிப்பதற்குள் பட்ட பாட்டையும் சேர்த்து, 2015-ல் ‘மெஸ்’ என்ற நூலாக எழுதினார்.

ஒரு கிண்ணத்துக்கா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும். அதிகம் கேட்பவர், அந்த வீட்டில் குடித்தனம் நடத்த வந்தவராகவே இருப்பார். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால், கேட்கும் விதத்தில்தான் பல வீடுகளில் சிக்கல் முற்றுகிறது.

பழக்கமா, நோயா?

எதையும் கழிக்க முடியாமல் சேர்த்துக்கொண்டே போவது நீண்ட காலம் ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு கிளையாகக் கருதப்பட்டது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் அதைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் பொருள் குவிப்புக் கோளாறு தனியாக இடம்பெற்றிருக்கிறது. நூறு பேரில் இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, இதே இயல்புள்ள உறவினர் ஒருவராவது இருக்கிறார்.

அலமாரி நிறைய புத்தகம் வைத்திருப்பவரும் பரணில் பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரங்களைக் காப்பவரும் நோயாளிகள் அல்லர். சமையலறையில் சமைக்க முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா, ஒரு பொருளைக் கழிக்க வேண்டும் என்றதும் மனம் தாங்க முடியாத அளவுக்குத் தவிக்கிறதா என்பவைதான் மருத்துவர் கேட்கும் கேள்விகள்.

தம்பதிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் இருக்கிறது. இந்த இயல்பு பெரும்பாலும் 11 முதல் 15 வயதுக்குள் தலைகாட்டுகிறது. வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிப்பதோ முப்பதுகளின் நடுவில்தான். வயது ஏற ஏற இன்னும் கூடுகிறது. ஆகவே, கல்யாண வயதில் பார்க்கும்போது ‘பேச்சிலர் ரூம் இப்படித்தான் இருக்கும்’ என்று எளிதாகக் கடந்துவிடுகிறோம். பிறகு குடும்பம் பெருகி, பொருளும் பெருகி, கதவு முழுதாகத் திறக்காத நிலை வரும்போதுதான் இது தெரியவருகிறது.

முடிவெடுக்கும்போது வலிக்கிறது

2012-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் டேவிட் டோலின் குழுவினர் நடத்திய ஆய்வு, ‘வேண்டாததைத் தூக்கிப் போட என்ன கஷ்டம்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. பொருள் குவிக்கும் இயல்புள்ளவர்களைத் தங்கள் வீட்டு விளம்பரத் தாள்கள் போன்ற சாதாரணக் காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஸ்கேனில் படுக்க வைத்து, ஒவ்வொரு தாளையும் வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று கேட்டார்கள். அழிக்கலாம் என்று சொன்ன தாள்கள் உண்மையிலேயே கிழிக்கப்பட்டன. பிறருடைய காகிதங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது, மூளையில் முன் சிங்குலேட் புறணி, இன்சுலா ஆகிய பகுதிகளின் இயக்கம் இந்த இயல்பு இல்லாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. தங்கள் சொந்தக் காகிதம் என்றதும் அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கிளர்ந்தன.

எது முக்கியம், எது தவறாகிவிடும் என்று எடைபோடும் பகுதிகள் அவை. விளம்பரத் தாளுக்கே அங்கே அவ்வளவு அமளி என்றால், இறந்துபோன அப்பாவின் சட்டைக்கு எவ்வளவு இருக்கும்! இதைச் சோம்பல் என்றோ கருமித்தனம் என்றோ சொல்வது அநியாயம்.

கழிப்பவரின் உடம்பும் கணக்கில் உண்டு

எளிமையை விரும்புபவரை ‘ரொம்பத்தான் பண்ற’ என்று ஒதுக்கிவிடுவதும் அநியாயமே. லாஸ் ஏஞ்சலீஸில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 குடும்பங்களை டார்பி சாக்ஸ்பி, ரீனா ரெப்பெட்டி என்ற ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசிய பேச்சு பதிவு செய்யப்பட்டது; உமிழ்நீரில் மனஅழுத்த ஹார்மோனான கார்டிசால் அளக்கப்பட்டது. இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டும். வீடு அடைசலாக இருக்கிறது, வேலை முடியாமல் கிடக்கிறது என்று பேசிய மனைவியருக்கு அது சரியாக இறங்கவில்லை. மாலையில் மனச்சோர்வும் கூடியிருந்தது. கணவர்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகக் காணப்படவில்லை. ‘வீட்டை வைத்துக்கொள்வது அவள் பொறுப்பு’ என்ற எண்ணம் பெண்ணின் உடம்பில் இப்படி ஏறி உட்கார்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் தீயணைப்புத் துறை, 1999 முதல் பத்தாண்டுகளில் நடந்த குடியிருப்புத் தீ விபத்துகளை ஆராய்ந்தது. பொருள் குவிந்த வீடுகளில் நடந்தவை மொத்தத்தில் 0.25 சதவீதம் மட்டுமே. ஆனால், தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் அந்த வீடுகளில்தான் நேர்ந்தன. தூசியால் வரும் இழுப்பு, கரப்பான், எலி, வயதானவர்கள் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவது எல்லாம் இதற்கு மேல்.

தெரியாமல் தூக்கிப் போட்டால்?

சேர்ப்பவர் ஊருக்குப் போன நேரத்தில் பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் போட்டுவிட்டால் என்ன? பலரும் செய்வது இதைத்தான். மிக மோசமான வழியும் இதுதான். ஒழுங்குக்கே உலகப்புகழ் பெற்ற ஜப்பானின் மாரி கோண்டோ, சிறுவயதில் வீட்டாருக்குத் தெரியாமல் அவர்கள் பொருள்களைக் கழித்ததையும், அது தவறு என்று பிறகு உணர்ந்ததையும் தன் நூலில் எழுதியிருக்கிறார். முதலில் உன்னுடையதைச் சரிசெய் என்பது அவர் சொல்லும் வழி.

கோளாறு உள்ளவரிடம் இப்படித் தெரியாமல் கழிப்பதன் விளைவு இன்னும் கடுமை. துணைமீது நம்பிக்கை போய்விடும். காலியான இடம் கொஞ்ச நாளில் மறுபடியும் நிரம்பிவிடும். முடிவெடுக்கும் பயிற்சியே கிடைக்காததால் நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் இதற்கென்றே சிகிச்சை முறை வகுத்த ராண்டி ஃப்ராஸ்டும் கெய்ல் ஸ்டெக்கெட்டீயும், சிகிச்சையாளர்கூட அனுமதியில்லாமல் எந்தப் பொருளையும் தொடக் கூடாது என்று விதி வைத்தார்கள்.

ஒரே வீட்டில் வாழ

ஃப்ராஸ்ட் குழுவினர் உருவாக்கிய படத்தொகுப்பு ஒன்று இங்கே உதவும். சமையலறை, படுக்கையறை, கூடம் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது படங்கள். முதல் படத்தில் அறையில் அடைசலே இருக்காது, ஒன்பதாவதில் பொருள்கள் ஏறக்குறையக் கூரையை எட்டும். தங்கள் வீடு எந்தப் படத்தை ஒத்திருக்கிறது என்று இருவரும் தனித்தனியே எண் எழுதிப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான்கோ அதற்கு மேலோ வந்தால் நிபுணரைப் பார்ப்பது நல்லது. ஒருவர் மூன்றும் மற்றவர் ஆறும் எழுதியிருந்தால், அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

பேச்சைப் பாதுகாப்பிலிருந்து தொடங்குவது எளிது. வாசல், அடுப்பைச் சுற்றிய இடம், கேஸ் சிலிண்டர், சுவிட்ச் போர்டு, கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழி ஆகியவற்றில் எந்தப் பொருளும் கிடக்கக் கூடாது என்பதை ரசனை வேறுபாடு என்று யாரும் தள்ள முடியாது. அடுத்தது, ஆளுக்கோர் இடம். சேர்ப்பவருக்கு ஓர் அறையோ இரண்டு பீரோவோ முழுக்க அவருடையதாக இருக்கட்டும். அதற்குள் மற்றவர் கைவைக்க வேண்டாம், அதைத் தாண்டி வெளியே பரவவும் வேண்டாம். புதிதாக வாங்குவதையும் இலவசமாக வருவதையும் குறைப்பது, உள்ளே இருப்பதைக் கழிப்பதைவிட முதலில் கைகூடும். கழிப்பவரும் தன் பங்குக்கு, மேசைமேல் கிடக்கும் ஒரு நாளிதழைப் பார்த்துக் கொதிப்பதை விட வேண்டியிருக்கும்.

சொல்லும் சொல் பெரிய வேலை செய்யும். ‘இந்தக் குப்பைய எப்பத்தான் ஒழிப்பீங்க?’ என்றால் சண்டை வரும். ‘மேடையில காய் நறுக்க இடம் வேணும், இந்த வாரம் அத மட்டும் சேர்ந்து பார்ப்போமா?’ என்றால் ஒரு மேடையாவது கிடைக்கும்.

சிகிச்சை உண்டு

இந்தக் கோளாறுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. நல்ல பலன் காட்டியிருப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஃப்ராஸ்டும் ஸ்டெக்கெட்டீயும் வகுத்த முறையில் அது 26 அமர்வுகள், ஏறக்குறைய ஓராண்டு. வகைப்படுத்துவது, முடிவெடுப்பது, வாங்கும் ஆசை அடங்கும்வரை பொறுத்திருப்பது ஆகியவை அதில் பழக்கப்படுத்தப்படுகின்றன. பலருக்கு மனச்சோர்வோ பதற்றமோ கூடவே இருக்கும். அவற்றுக்கு மருந்து உண்டு, அவை தணிந்தால் இதுவும் சற்று இளகும்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். சேர்ப்பவர் வர மறுத்தால், துணை மட்டுமாவது முதலில் பேசலாம். என்னென்ன பொருள் குவிந்திருக்கிறது என்பதைவிட, எந்த அறையை எத்தனை மாதமாகப் பயன்படுத்த முடியவில்லை, கழிக்கச் சொன்னால் அவருக்கு என்ன ஆகிறது, யாருடைய இழப்புக்குப் பிறகு இது கூடியது என்று சொன்னால் ஆலோசகருக்குப் பிடி கிடைக்கும்.