மெத்தைக் கல்லறைக்கு வந்த விருந்தாளி

டுசல்டோர்ஃப் நகருக்கு அலுவல் நிமித்தம் சென்றுவரும் எம்மவர்களுள் எத்தனை பேர் ஷ்வானன்மார்க்ட் பூங்காவினுள் நுழைந்திருப்பார்களோ அறியேன். அங்கே தரையிலே ஒரு மனித முகம் பிளவுண்டு கிடக்கின்றது. சிற்பி பெர்ட் கெரெஸ்ஹைம் 1981-இல் வடித்த நினைவுச்சின்னம் அது. இறந்தவரின் முகத்தில் எடுக்கப்பட்ட அச்சே அதற்கு ஆதாரம். நோய் அரித்துத் தீர்த்த முகம்.

கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேயின் முகம் அது. 1797-இல் இதே நகரின் பொல்க்கர் வீதியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். இந்நகரப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டலாமா என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் வாதாடி, 1988-இல்தான் ஒருவாறு முடிவு கண்டார்கள். பல்கலைக்கழக சபைகளின் வேகம் எந்நாட்டிலும் ஒன்றுதான் என்பதை, ஒருகாலத்தில் அத்தகைய சபைகளில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில் நானறிவேன்.

1831-இல் பாரிஸ் சென்ற ஹைனே அங்கிருந்தபடியே ஜேர்மன் பத்திரிகைகளுக்கு எழுதினார். 1835-இல் அவருடைய எழுத்துகள் ஜேர்மன் நாடுகளிலே தடைசெய்யப்பட்டன. 1843-இலும் 1844-இலும் தாயாரைக் காண ஹம்பேர்க் வந்து திரும்பினார், அவ்வளவே. எல்லையில் கைது செய்யுமாறு பிரஷ்ய அரசு கட்டளை பிறப்பித்ததும் அந்த 1844-இல்தான். பிரெஞ்சு அரசு அவருக்கு வழங்கிவந்த உதவித்தொகையைச் சுட்டிக்காட்டி ஊரார் பழித்தார்கள். இது எமக்குப் புதிய கதையன்று.

1848 மே மாதத்தில் அவர் வெளியே நடமாடிய கடைசி நாட்கள். லூவர் அருங்காட்சியகத்தில் வீனஸ் சிலையின் முன் தளர்ந்து வீழ்ந்ததாக அவரே எழுதியுள்ளார். அதன்பின் எட்டு ஆண்டுகள் படுக்கைதான். கால்கள் செயலிழந்தன, இமைகள் திறவாமையால் ஒன்றை விரலால் உயர்த்திப் பிடித்தே பார்த்தார். வலி பொறுக்காமல் மோர்பின் இடப்பட்டது. அடுக்கிய மெத்தைகளின் மேற் கிடந்த தம் நிலைக்கு ‘மெத்தைக் கல்லறை’ என்று அவரே பெயரிட்டார். நோய் இன்னதென இன்றுவரை மருத்துவர்கள் ஒருமுகமாகச் சொல்லவில்லை. மேகநோய் என்பதே நெடுங்கால எண்ணம். 1990-களில் அவருடைய தலைமுடியை ஆராய்ந்தபோது ஈயம் மிகுந்திருக்கக் காணப்பட்டது.

ஹம்பேர்க்கில் இருந்த தாயாருக்கு இந்த உண்மையை அவர் மறைத்தார். நலமாக இருக்கிறேன் என்ற தொனியிலேயே கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்துகொண்டு, “வேலைக்குப் போய் இப்பதான் வந்தனான் அம்மா” என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லும் எம் பிள்ளைகளை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

மனைவி மத்தில்டே பிரெஞ்சுப் பெண். 1841-இல் மணமுடித்தவர், நோயிலும் உடனிருந்தவர். ஆயின் அவருக்கு ஜேர்மன் மொழி தெரியாது. கணவர் எழுதிய கவிதைகளை மூலமொழியில் அவர் படித்ததில்லை.

1855-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு பெண் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். வியன்னாவிலிருந்து இசைத்தாள்கள் சிலவற்றைக் கவிஞருக்குச் சேர்ப்பிக்க வந்தவர். பெயர் எலிசே கிரினிற்ஸ். வயது முப்பதை அண்மித்தது. ஜேர்மனும் பிரெஞ்சும் அறிந்தவர். ஹைனேக்கு அப்போது ஐம்பத்தேழு. தாள்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். மீண்டும் வருமாறு அவர் கேட்டார், அவரும் வந்தார். புத்தகங்களை வாசித்துக் காட்டினார், கடிதங்கள் எழுத உதவினார். அவருடைய முத்திரையில் ஓர் ஈயின் உருவம் இருந்தமையால் ‘மூஷ்’, அதாவது ஈ, என்று செல்லப்பெயரிட்டார் கவிஞர். வரமுடியாத நாட்களிலே அவருக்குப் பென்சிலாற் கிறுக்கிய சிறு கடிதங்கள் பறந்தன. இன்று வரவேண்டாம், தலைவலி கொல்கிறது என்பதுபோன்ற கடிதங்கள். மறுநாளே வா என்ற அழைப்பு.

மனைவி அடுத்த அறையில் இருக்க இதென்ன உறவு என்று முகஞ்சுளிக்கும் வாசகரை நான் குறைகூறேன். மத்தில்டேயும் இவ்வரவை விரும்பவில்லை என்றே சொல்கிறார்கள். அவருடைய மனவேதனையும் வேதனைதான். ஆனால் இது உடலின் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாதது. உடல் முன்னரே விடைபெற்றுவிட்டது. அந்த அறையில் அவருக்குக் கிட்டாதிருந்தது தாய்மொழியில் ஒரு குரல் என்றே நான் கருதுகிறேன். இங்கு மருத்துவரிடம் நோயைச் சொல்வதற்கு எவரேனும் மொழிபெயர்த்துத் தருவார்கள். இரவில் வரும் அச்சத்தை மொழிபெயர்த்துத் தர எவரால் முடியும்? ஐம்பது கடந்த, துணையிழந்த ஒருவரோ ஒருத்தியோ நோயுற்ற காலத்தில் ஒரு துணையை நாடினால், ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு’ என்று வாய்கூசாமற் கேட்கும் எம்மவர் இதைச் சற்றே எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூஷுக்காக எழுதிய கவிதைகளுள் ஒன்றில், நிலவை விரும்பும் தாமரையாக அவரைக் கண்டார் ஹைனே. விசித்திரமான சோடிதான் நாமிருவரும் என்ற கேலியும் அதிலுண்டு: மலருக்குக் கிட்டுவது வெறும் கவிதையே. இளமையில் பொன் நகரில் இந்தியவியல் அறிஞர் ஷ்லேகலின் விரிவுரைகளைக் கேட்டவர் அவர். அந்நாட்களிலேயே தாமரையையும் நிலவையும் இணைத்துப் பாடியவர். எம் மரபில் தாமரை ஞாயிற்றுக்கு மலர்வது, நிலவுக்கு மலர்வது ஆம்பல். மாணவன் எழுதியிருந்தால் புள்ளி குறைத்திருப்பேன். ஒளிகூசும் கண்களோடு இருட்டறையிற் கிடந்தவருக்கு ஞாயிறு எதற்கு என்று இன்று தோன்றுகிறது.

அவ்வுறவு நீடித்தது எட்டு மாதங்கள் மட்டுமே. 1856 பெப்ரவரி 17-இல் ஹைனே மறைந்தார். மொன்மார்த்ர் மயானத்தில் அவர் விருப்பப்படியே சமயச் சடங்கின்றி அடக்கம் நடந்தது. தாயார் மேலும் மூன்றாண்டுகள் வாழ்ந்தார். மத்தில்டே 1883-இல், அதே பெப்ரவரி 17-இல் காலமானார்.

எலிசே கிரினிற்ஸ், கமீல் செல்டன் என்ற புனைபெயரில் எழுத்தாளராகியிருந்தார். ஹைனேயின் இறுதி நாட்களைப் பற்றிய அவருடைய நினைவு நூல் பாரிஸில் வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு, 1884-இல்.