ஐபாடில் உள்ள பாட்டு கணினிக்குத் திரும்புமா?

2001-இல் வந்த ஐபாடில் பாட்டு கணினியிலிருந்து கருவிக்குப் போகும், திரும்பி வராது. நகலெடுத்துப் பரப்புவதைத் தடுக்க ஐட்யூன்ஸ் மென்பொருள் அப்படி அமைக்கப்பட்டது. கருவிக்கு அந்தத் தடை கிடையாது. வட்டாகப் பயன்படுத்தும் வசதியை இயக்கினால், பழைய ஐபாட் கணினிக்கு ஒரு பென்டிரைவ் மாதிரிதான். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் ‘ஐபாட் கன்ட்ரோல்’ ஃபோல்டர் தெரியும். அதனுள் ‘மியூசிக்’, அதற்குள் எஃப்00, எஃப்01 என வரிசையாகப் பல ஃபோல்டர்கள். பாட்டுகள் அவற்றில் சிதறிக் கிடக்கும். கோப்புப் பெயர்களோ பெரும்பாலும் பொருளற்ற நான்கு எழுத்துகள். எந்தப் பெயர் எந்தப் பாட்டு என்ற கணக்கைக் கருவி தனியொரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது.

அப்படியானால் நகலெடுத்து என்ன பயன் என்று கேட்கலாம். எம்பி3 கோப்புக்குள்ளேயே ஐடி3 குறிப்பாகப் பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம் பதிந்திருக்கும். ஃபோல்டரை அப்படியே கணினிக்கு நகலெடுத்து இசை மென்பொருளில் சேர்த்தால், அது குறிப்பைப் படித்து ஒழுங்குபடுத்திவிடும். குறிப்பே இல்லாத பாட்டை மட்டும் கேட்டுத்தான் பெயரிட வேண்டும். 2009-க்கு முன் ஐட்யூன்ஸ் கடையில் வாங்கிய பூட்டிட்ட பாட்டுகள் நகலானாலும், வாங்கிய கணக்கின் அனுமதியின்றி ஒலிக்காது. ஆனால் சொந்த சிடியிலிருந்து ஏற்றிய பாட்டுக்குப் பூட்டு இல்லை. அதை மீட்பது திருட்டும் ஆகாது. மேக் கணினியில் ஃபார்மேட் செய்த ஐபாடை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது. புதுக் கணினியில் ‘சிங்க்’ கொடுத்தால் கருவியில் உள்ளவை அழியக்கூடும். ஆகவே முதலில் நகல், பிறகே மற்றதெல்லாம். ஐபாட் கிளாசிக்கில் சுழல்வது வன்தட்டு; அது ஒருநாள் நிற்கும். தள்ளிப்போடாதீர்கள்.