மரவளையமும் கட்டடத்தின் காலமும்: கலைச்சொல் நோக்கு

பழங்கட்டடங்களின் உத்தரம், விட்டம், தூண் முதலியவற்றில் காணும் ஆண்டுவளையங்களைக் கொண்டு அம்மரங்கள் வெட்டப்பட்ட காலத்தை அறியும் முறை மரவளையக் காலக்கணிப்பு எனப்படும். வறண்ட நிலப்பகுதிகளில் மழை மிகுந்த ஆண்டின் வளையம் அகன்றும், மழை பொய்த்த ஆண்டின் வளையம் குறுகியும் அமையும். ஒரு வட்டாரத்து மரங்களில் இவ்வரிசை ஒத்திருப்பதால் ஒன்றனை மற்றொன்றோடு பொருத்த இயலுகின்றது. வளையங்களை எண்ணுவதே இம்முறை என்பது பரவலான பிழைக்கருத்து. எண்ணிக்கை மரத்தின் அகவையைத் தரும்; பொருத்தமே ஆண்டைத் தரும்.

இதனை நிறுவியவர் அமெரிக்க வானியலறிஞர் ஏ. இ. டக்ளஸ். நியூ மெக்சிகோவின் பியூப்லோ பொனிட்டோ முதலிய இடிபாடுகளின் மரங்களைக் கொண்டு அவர் 585 ஆண்டு நீளமுள்ள வரிசையொன்றை அமைத்தார். ஆயினும் அது உயிருள்ள மரங்களிலிருந்து பின்னோக்கிச் சென்ற வரிசையோடு இணையவில்லை. எது முந்தியது, எது பிந்தியது எனக் கூற முடிந்ததேயன்றி எந்த ஆண்டு எனக் கூற முடியவில்லை. ஒலிமாற்றங்களின் முன்பின் முறையை வகுத்தும் அவற்றிற்கு ஆண்டு குறிக்க இயலாத வரலாற்று மொழியியலார் இந்நிலையை நன்கறிவர். 1929 ஜூன் 22 அன்று அரிசோனாவின் ஷோ லோ என்னும் ஊரில் கிடைத்த, எச்.எச்.-39 எனக் குறியிடப்பட்ட கரிந்த உத்தரம் இரு வரிசைகளையும் இணைத்தது.

மொழிபெயர்ப்பாளர் தடுமாறும் இடம் வேறு. ஓக் மரத்தின் உட்பகுதி வயிரம். பட்டையை அடுத்துள்ள வெளிர்பகுதியை வெண்கட்டை எனலாம். இதனை 'மென்மரம்' என எழுதினால், ஊசியிலை மரங்களைக் குறிக்கும் சொல்லோடு மயங்கி, ஓக் உத்தரம் பைன் உத்தரமாகிவிடும். பட்டையோரம் வரை வளையங்கள் எஞ்சியிருப்பின் வெட்டிய ஆண்டு துல்லியமாகும். சிலபோது பருவமும் தெரியும். தச்சர் வெண்கட்டையை முற்றிலும் செதுக்கி நீக்கியிருப்பின் 'இன்ன ஆண்டிற்குப் பின்' என்பதற்குமேல் கூறலாகாது. வயிரத்தின் எல்லை மட்டும் தெரியுமிடத்துத் தென் இங்கிலாந்து ஓக்கிற்கு 9 முதல் 41 வளையங்கள் வரை கூட்டி மதிப்பிடுவர். 'வெட்டிய ஆண்டு' என்பதைக் 'கட்டிய ஆண்டு' எனப் பெயர்ப்பது இதனினும் பெரும்பிழை. பழைய வீட்டு உத்தரம் புதிய வீட்டில் ஏறுவது எங்கும் உள்ள வழக்கம்.

தொல்காப்பிய மரபியல் அகக்காழ் உடையதை மரம் என்றும், புறக்காழ் உடையதைப் புல் என்றும் பிரிக்கின்றது. காலக்கணிப்பின் எல்லையும் ஏறத்தாழ அதுவே. பனை, தென்னை, மூங்கில் ஆகியவற்றில் ஆண்டுவளையம் இல்லை. பனங்கை பரப்பிய கூரையிடம் இம்முறை எதனையும் கேட்டறிய இயலாது. தேக்கில் ஆண்டுவளையம் தெளிவாக அமைவதால், தேக்கு விட்டத்திடம் கேட்கலாம்.