அரக்கோணத்தில் என்ன இருக்கிறது?

அரக்கோணத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அங்கே என்ன இருக்கிறது? வண்டி மாறுகிற ஊர்." சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் இருக்கிறது இந்தச் சந்திப்பு. காட்பாடி வழியாகப் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் போகும் பாதையும், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்கும் மும்பைக்கும் போகும் பாதையும், காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் பாதையும் இங்கேதான் பிரிகின்றன. திருத்தணி முருகனைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பங்கினர் இதைக் கடந்துதான் போகிறார்கள். ஜன்னல் வழியே தெரிகிற கூட்ஸ் வண்டிகளையும் கரி படிந்த சுவர்களையும் நெரிசலான ஸ்டேஷன் ரோட்டையும் பார்த்து, பார்க்க லாயக்கில்லாத ஊர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஊர் தேய்ந்து கிடக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தேய்மானத்துக்கு ஊரே காரணம் என்பதை ஏற்க முடியாது. அரக்கோணத்தால் பயன்பெறுகிற பெரிய நிறுவனங்கள் ஒன்றுகூட ஊரின் நிர்வாகத்துக்குள் அடங்கியதில்லை. ஊரைப் பராமரிக்கும் பொறுப்பு விழுந்திருப்பது, அந்த நிறுவனங்களிடம் வரி கேட்கும் அதிகாரம் இல்லாத நகராட்சியின் மேல்.

ஊர்களை இப்படி மட்டம்தட்டித் தரவரிசைப்படுத்தும் பழக்கத்தைப் பெரிய அளவில் செய்துகாட்டியது பிரிட்டன். வாழ்வதற்கு மிக மோசமான ஐம்பது ஊர்களைப் பட்டியலிட்டு 2003-இல் அங்கே ஒரு புத்தகம் வந்தது; வாசகர்கள் எழுதி அனுப்பிய கருத்துகளிலிருந்து தொகுத்தது. முதலிடம் ஹல் நகரத்துக்கு. வடகடல் ஓரத்துத் துறைமுகமான ஹல், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியக் குண்டுவீச்சால் மிகக் கடுமையாகச் சிதைந்த பிரிட்டிஷ் நகரங்களில் ஒன்று. ஐஸ்லாந்துடனான மீன்பிடித் தகராறு 1976-இல் ஐஸ்லாந்துக்குச் சாதகமாக முடிந்ததும், ஆழ்கடல் மீன்பிடிப்பை நம்பியிருந்த அதன் பிழைப்பும் போனது. இந்த இரண்டுமே ஹல் மக்கள் செய்த தவறு அல்ல. ஒன்று போர், மற்றொன்று அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். பட்டியல் போட்டவர்களோ விளைவை மட்டும் பார்த்து ஊரின் குணம் என்று எழுதினார்கள். அதே ஹல் 2017-ஆம் ஆண்டுக்கான பிரிட்டனின் பண்பாட்டு நகரமாகத் தேர்வு பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அங்கே புதிதாக ஒரு கடலோ புதிதாக ஒரு மக்கள்கூட்டமோ வந்துவிடவில்லை. பணம் வந்தது, கவனம் வந்தது. அதே புத்தக வரிசை 2013-இல் லண்டனுக்கே முதலிடம் கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால், இத்தகைய பட்டியல்கள் எதை அளக்கின்றன என்ற சந்தேகம் வலுக்கிறது.

அரக்கோணம் எப்படி உருவானது என்று பார்த்தால் அதன் இன்றைய நிலை புரியும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை அரக்கோணத்தின் வழியாகவே போனது. 1860களில் இங்கிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு கிளைப்பாதை பிரிந்தது. 1871-இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் கைகோத்தபோது, தீபகற்பத்தின் இரு பெருநகரங்களுக்கு நடுவிலான போக்குவரத்து முழுவதும் இந்தச் சந்திப்பின் மேல் வந்து இறங்கியது. 1885-இல் ரயில்வே பொறியியல் பணிமனை தொடங்கியது. பாலங்களுக்கான கர்டர்களும் தண்டவாளம் பிரியும் இடத்துக்கான இரும்புச் சாமான்களும் அங்கே தயாராயின. நீராவி என்ஜின் தண்ணீர் பிடிக்கவும் கரி ஏற்றவும் ஆள் மாற்றவும் நின்றாக வேண்டும். அந்த நிறுத்தத்தில்தான் ஊர் பிழைத்தது. சாப்பாட்டுக் கடையும் விடுதியும் மூட்டை தூக்குகிறவர்களும் ரயில்வே குடியிருப்பும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த விண்டர்பேட்டையும் அந்த நிறுத்தத்தைச் சுற்றி வளர்ந்தவை. டீசலும் மின்சாரமும் வந்ததும் நிற்கவேண்டிய காரணமே போய்விட்டது. மின்சார என்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட் வந்தது, அதில் வேலையும் வந்தது. ஆனால் பயணி கீழே இறங்கிச் சாப்பிட்டுக் காத்திருந்து செலவழித்த காசு திரும்பி வரவில்லை.

சாலைகளும் கைவிட்டன. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், வாலாஜா என்று தெற்கே விலகிப் போகிறது. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை திருவள்ளூர், திருத்தணி, நகரி என்று வடக்கே விலகிப் போகிறது. இரண்டுக்கும் நடுவே சிக்கியது அரக்கோணம். கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வடபகுதியில் வந்த கார் தொழிற்சாலையும் கைப்பேசித் தொழிற்சாலையும் நெடுஞ்சாலையை ஒட்டியே வந்தன. ரயிலால் உயர்ந்த ஊர், லாரியின் காலத்தில் ஓரத்துக்குப் போனது. காலையில் எலெக்ட்ரிக் டிரெயினில் நிற்க இடமில்லாமல் சென்னைப் பக்கம் போகிற கூட்டத்தில், இந்த ஊரில் தன் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர்.

ஆனாலும் அரக்கோணம் ஏழை ஊர் என்று சொல்வது சரியாகாது. அதன் சுற்றுவட்டாரத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்த ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இங்கே இருக்கிறது. அதன் ஓடுபாதை நான்கு கிலோமீட்டர் நீளம். இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் இங்கிருந்துதான் எழும்புகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் இங்கே வந்து இறங்கின. சில நாட்கள் தலைநகரத்தின் வாசலாக இருந்தது அரக்கோணம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இங்கே முகாமிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் புயல் என்றாலும் கேரளத்தில் வெள்ளம் என்றாலும் முதலில் புறப்படுகிறவர்கள் அவர்கள். தக்கோலத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். இச்சிப்புத்தூரில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை. ஊருக்குள் ரயில்வே நிலையம், யார்டு, ஷெட், பணிமனை, குடியிருப்பு. சுமார் 78,000 பேர் வாழும் (2011 கணக்கெடுப்பு) ஒரு நகரத்தைச் சுற்றி இவ்வளவு இருக்கிறது. இத்தனையும் இருந்தும் ஊர் ஏன் இப்படி என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

விடையின் பெரும்பகுதி அரசியலமைப்பின் 285-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ வரி போட முடியாது. நாடாளுமன்றம் சட்டம் போட்டு அனுமதித்தால்தான் உண்டு. ஒரு நகராட்சிக்குச் சொந்த வருமானம் என்றால் முதலில் சொத்துவரி. ஊரின் நடுவே பரந்து கிடக்கும் ரயில்வே நிலம் அந்தக் கணக்கில் வராது. டயர் தொழிற்சாலை நகராட்சி எல்லைக்கு வெளியே, கிராம ஊராட்சியில் இருக்கிறது. தக்கோலம் தனிப் பேரூராட்சி. மிஞ்சுவது வீடுகளும் கடைகளும் கல்யாண மண்டபங்களும்தான். அந்த வருமானத்தைக் கொண்டு, இந்த நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களும் நிலையத்துக்கு வந்துபோகிற வெளியூர்க்காரர்களும் பயன்படுத்தும் சாலையை, விளக்கை, சாக்கடையைப் பராமரிக்க வேண்டும். வாடகை தராத பெரிய குடித்தனக்காரரை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்வது போன்ற நிலை இது. வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ராஜ்கோட் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவும் வகுத்துத் தந்தது: உள்ளாட்சியின் சேவைகளை முழுமையாகப் பெற்றால் சொத்துவரியில் 75 விழுக்காடு, பகுதியாகப் பெற்றால் 50, எதுவும் பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. எதுவும் பெறாவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்ற அந்தக் கடைசி வரி முக்கியமானது. ஊர் தருவது குழாய்த் தண்ணீர் மட்டும் அல்ல என்பதை நீதிமன்றமே ஏற்றதாகத்தான் அதைக் கொள்ள வேண்டும்.

"ரயில்வே இல்லையென்றால் அரக்கோணமே இல்லை, சோறு போட்டவரிடம் கணக்குக் கேட்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நன்றி சரி, அது கணக்குக்கு ஈடாகாது. ரயில்வே இங்கே வந்தது தன் தேவைக்காக, தன் வரைபடப்படி. தேவை மாறினால் அது ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. நாகப்பட்டினத்தைக் கேட்டால் தெரியும். தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை அங்கே இருந்தது; 1920களின் கடைசியில் அது பொன்மலைக்கு மாற்றப்பட்டது. பொன்மலை தழைத்தது, நாகைக்கு அந்த இழப்பு ஈடுசெய்யப்படவில்லை. இங்கிலாந்தின் ஸ்விண்டன் ரயில்வேக்காகவே வளர்ந்த ஊர். 1843-இல் திறந்த பணிமனை 1986-இல் மூடப்பட்டது. கட்டடங்கள் இடிபடாமல் காப்பாற்றப்பட்டு ஒரு பகுதி அருங்காட்சியகமாகவும் ஒரு பகுதி கடைத்தெருவாகவும் மாறியதால் அங்கே ஏதோ மிஞ்சியது. ஒரே முதலாளியை நம்பிய ஊர், அந்த முதலாளி இருக்கும்போதே தனக்குரியதைக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் விவேகம்.

ஊர்க்காரர்களே குப்பை போடுகிறார்கள், கடையைத் தெருவரை நீட்டுகிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே மனிதர்கள் கடற்படை வளாகத்துக்குள்ளோ லோகோ ஷெட்டுக்குள்ளோ வேலைக்குப் போகும்போது குப்பை போடுவதில்லை. மதிலுக்கு உள்ளே துப்புரவுக்குப் பணமும் ஆளும் கண்காணிப்பும் இருக்கின்றன; மதிலுக்கு வெளியே மூன்றும் பற்றாக்குறை. இரட்டைக்கண் வாராவதியை எடுத்துக்கொள்ளலாம். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிளந்து கிடக்கும் ஊரை இணைக்கிற குறுகலான வழி அது. நெரிசலுக்கும் மழைநீருக்கும் பெயர்போனது. மேலே போகிற தண்டவாளம் ரயில்வேயுடையது, கீழே போகிற மக்கள் நகராட்சியின் வரிதாரர்கள். ஊரைப் பிளந்தது தண்டவாளம் என்னும்போது, இரு பாதிகளையும் இணைக்கும் செலவை ஊர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

சுற்றுலாவை வளர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்குப் பதில் 13 கிலோமீட்டரில் இருக்கிறது. திருத்தணி அறுபடை வீடுகளில் ஐந்தாவது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையை மூடிவிடும். ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளில் டிசம்பர் 31 இரவு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர். மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துடன் இணைந்த ஊர். வருகையாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வருகிறவர்கள் நேரே மலைக்குப் போய்க் கும்பிட்டு இறங்கி அதே வேகத்தில் கிளம்பிவிடுகிறார்கள். மலையடிவார நகரத்துக்குக் கிடைப்பது நெரிசலும் எச்சில் இலையும்தான். ஆக, ஆள் வருவதால் மட்டும் ஊர் செழிப்பதில்லை. வருகிறவர்கள் சில மணி நேரமாவது தங்க வேண்டும், அவர்களால் வரும் பணத்தில் ஒரு பங்கு தெருவுக்குத் திரும்ப வேண்டும்.

தங்குவதற்கான காரணங்கள் இந்த வட்டாரத்தில் நிறையவே உண்டு. 949-இல் ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு மோதி, சோழ இளவரசன் இராஜாதித்தன் யானை மேலேயே உயிரிழந்த போர்க்களம் தக்கோலம். சம்பந்தர் பாடிய திருவூறல் கோயிலும் அங்கேதான். மகேந்திரவாடியில், தனித்து நிற்கும் ஒரே பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் திருமாலுக்குக் கோயில் எடுத்தான். ஏரியையும் கோயிலையும் தன் பெயரால் குறிக்கும் அவன் கல்வெட்டு அங்கே தூணில் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் நடராசரின் திருவடியில் அமர்ந்த திருவாலங்காடு, சென்னைப் பாதையில் இரண்டு மூன்று நிலையங்கள் தள்ளி. சோளிங்கரில் யோக நரசிம்மர் மலை. பல்லவர், சோழர், சைவம், வைணவம், ரயில்வே யுகம் என்று அடுக்கடுக்காக இவ்வளவு வரலாறு ஒரு நாள் பயண தூரத்துக்குள் கிடைக்கும் சந்திப்பு நிலையம் தமிழ்நாட்டில் வேறு அதிகம் இல்லை.

நிலையங்களைப் புதுப்பிக்கும் அமிர்த பாரத் திட்டத்தில் அரக்கோணமும் திருத்தணியும் இருக்கின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணமும் நிலைய மதிலுக்குள்தான் செலவாகும். பளபளக்கும் நடைமேடையிலிருந்து இறங்கியதும் பழைய குண்டும் குழியுமான தெரு என்றால் ஊரின் மேல் விழும் பழி இன்னும் கூடும். எனவே அரக்கோணத்து மக்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஒன்றிய அரசின் நிறுவனங்களிடம் நகராட்சி இதுவரை எவ்வளவு சேவைக் கட்டணம் கேட்டது, எவ்வளவு வந்தது, எவ்வளவு நிலுவை என்ற கணக்கை நகர்மன்றத்தில் வெளிப்படையாக வைக்கச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், சட்டமன்றத்துக்கானாலும் நாடாளுமன்றத்துக்கானாலும், அந்தக் கணக்கைக் காட்டிப் பதில் கேளுங்கள்.