பழைய அம்பாசடரின் கிளட்ச்: இறக்குவதும் ஏற்றுவதும்

பழைய காருக்குக் கிளட்ச் மாற்றும் வேலையில் புதிதாகப் பொருத்தப்படுவது சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய ஒரு வட்டத் தகடுதான். ஆனால் அந்தத் தகட்டை எட்டுவதற்காகக் காரின் அடிப்பகுதியில் பாதியையேனும் கழற்ற வேண்டியிருக்கிறது. கிளட்ச், எஞ்சினின் பின்முனைக்கும் கியர் பாக்ஸின் முன்முனைக்கும் நடுவே, மணி வடிவக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதே இதற்குக் காரணம். ஆகவே இந்த வேலைக்கு வாங்கப்படும் கூலியில் பெரும்பங்கு கிளட்சுக்கு உரியதன்று. கியர் பாக்ஸை இறக்கி, மீண்டும் பிசகாமல் ஏற்றுவதற்கு உரியது.

இதனை விளக்க அம்பாசடர் காரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்தியச் சாலைகளில் இல்லை. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கிய இந்தக் கார், 2014 மே மாதம் வரை அங்கிருந்து வெளிவந்தது. எஞ்சின் முன்னால், அதன் பின்னே கியர் பாக்ஸ், அங்கிருந்து பின்சக்கரங்களுக்கு ஒரு நீண்ட சுழல்தண்டு என அனைத்தும் ஒரே நேர்கோட்டில் அமைந்த எளிய அமைப்பு அதனுடையது. 1,489 கனசென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும் நான்கு கியர்களும் கொண்ட பழைய அம்பாசடர்கள் இன்றும் ஆர்வலர்களின் வீடுகளில் ஓடும் நிலையில் இருப்பதால், அவற்றின் கிளட்சை மாற்றும் கைப்பழக்கமும் பட்டறைகளிலிருந்து முற்றிலும் மறைந்துவிடவில்லை.

கிளட்சின் தேவை எஞ்சினின் இயல்பிலேயே இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். நிற்கும் காரின் சக்கரங்களோ சுழல்வதேயில்லை. ஓடுவதையும் நிற்பதையும் ஒரே நொடியில் பிணைத்தால் எஞ்சின் அணைந்துபோகும் என்பதால், இரண்டையும் சிறிது நேரம் உரசவிட்டுப் படிப்படியாக ஒன்றாக்கும் ஓர் உறுப்பு இடையில் தேவைப்படுகிறது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த இரும்புச் சக்கரமான ஃபிளைவீல், வலிய ஸ்பிரிங்குகளால் அழுத்தும் பிரஷர் பிளேட், இவ்விரண்டுக்கும் நடுவே இருபுறமும் உராய்வுப் பட்டை ஒட்டிய கிளட்ச் பிளேட் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்த உறுப்பு. பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் எனப்படும் வளையம் முன்னகர்ந்து ஸ்பிரிங் அழுத்தத்தை விலக்க, நடுவிலுள்ள பிளேட் பிடியிலிருந்து விடுபடுகிறது. காலை எடுத்ததும் மீண்டும் இறுகுகிறது. ஒவ்வொரு உரசலிலும் பட்டை சற்றே தேய்கிறது. மற்ற இரண்டும் நெடுங்காலம் நீடிக்க வேண்டுமென்றே, தேய்மானத்தைப் பெரிதும் இந்தப் பட்டை ஏற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

கிளட்ச் பழுதடைந்ததை இரண்டு நேரெதிரான அறிகுறிகள் காட்டிக்கொடுக்கும். பட்டை தேய்ந்தாலோ அதில் ஆயில் படிந்தாலோ பிடிமானம் குறைந்து கிளட்ச் வழுக்கும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரையும், வண்டி வேகமெடுக்காது, கருகிய வாடை எழும். பிளேட் வளைந்தாலோ பெடலின் இயக்கம் முழுமையாகச் சென்றுசேராவிட்டாலோ கிளட்ச் முற்றிலும் விடுபடாது. அப்போது கியர் விழ மறுக்கும். பழைய அம்பாசடரின் நான்கு கியர் பாக்ஸில், பற்கள் கோப்பதற்கு முன் இருபக்க வேகத்தையும் சமன்செய்யும் சின்க்ரோமெஷ் அமைப்பு முதல் கியருக்கு இல்லாததால், இந்தக் குறை முதல் கியரிலும் ரிவர்சிலும் ‘கரகர’வென்ற ஓசையாக முதலில் வெளிப்படும். இரண்டாவது வகைக் குறை பெடல் இணைப்பைச் சரிசெய்தாலே தீரக்கூடும் என்பதால், கியர் பாக்ஸை இறக்கும் முடிவுக்கு முன் அதைச் சோதிப்பது முறை.

இறக்கும் வேலை பாட்டரி இணைப்பைத் துண்டிப்பதில் தொடங்குகிறது. பின்னோக்கிச் செல்லும் சுழல்தண்டு, கியர் மாற்றும் கம்பிகள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் இணைப்பு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவை ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. எஞ்சினின் பின்பாதி கியர் பாக்ஸின் அடியிலுள்ள தாங்கியை நம்பியே நிற்பதால், அதை அவிழ்க்கும் முன் எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொள்வது கட்டாயம். காரும் ஜாக்கியை மட்டும் நம்பி நிற்காமல் உறுதியான ஸ்டாண்டுகள்மேல் அமர்ந்திருக்க வேண்டும். கூட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் கழன்றபின் கியர் பாக்ஸை நேராகப் பின்னோக்கி இழுத்து, அதன் முன்தண்டு கிளட்சிலிருந்து முழுதும் வெளிவந்த பிறகே கீழே இறக்க வேண்டும். பாதியில் தளர்ந்து தொங்கவிட்டால் அதன் முழு எடையும் அந்த ஒற்றைத் தண்டின்மீதும், தண்டு நுழைந்திருக்கும் பிளேட்டின் நடுப்பகுதிமீதும் விழுந்து இரண்டையும் வளைத்துவிடும்.

கூடு திறந்ததும் கண்ணில் படும் கரிய தூசியைக் காற்றடித்து ஊதும் பழக்கம் ஆபத்தானது. பழைய உராய்வுப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது வழக்கமாக இருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு. பின்னர் பட்டையின் ரிவெட் தலைகள் மேற்பரப்பை எட்டியுள்ளனவா, ஃபிளைவீல் முகத்தில் கீறலோ வெப்பத்தால் நீலம்பாய்ந்த திட்டுகளோ உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இருப்பின் அந்தச் சக்கரம் லேத் பட்டறைக்குப் போய் முகம் சமன்செய்யப்பட்டு வரவேண்டும். எஞ்சினின் பின்முனையிலோ கியர் பாக்ஸின் முன்முனையிலோ ஆயில் கசிந்தால், அதை நிறுத்தாமல் புதுப் பிளேட் போடுவது வீண்செலவு.

இந்த வேலையின் உயிர்நாடி பிளேட்டை நடுமையத்தில் நிறுத்துவதில் இருக்கிறது. எஞ்சினின் கிராங்க் தண்டின் பின்முனையில் ஒரு சிறு குழியும் அதற்குள் வெண்கல புஷ் ஒன்றும் உண்டு. கியர் பாக்ஸின் முன்தண்டு பிளேட்டின் நடுத்துளையைக் கடந்துபோய், தன் நுனியை அந்த புஷ்ஷில்தான் ஊன்றிக்கொள்கிறது. பிரஷர் பிளேட்டை முடுக்கியபின் கிளட்ச் பிளேட்டை அசைக்க இயலாது என்பதால், அது மயிரிழை விலகி இறுகினாலும் தண்டு உள்ளே நுழையாது. இதற்காகப் பல பட்டறைகளில் உடைந்த கியர் பாக்ஸிலிருந்து எடுத்த பழைய முன்தண்டு ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். அதைப் பிளேட்டின் பல்வரிகள் வழியே செருகி, நுனியை வெண்கல புஷ்ஷில் நிறுத்திக்கொண்டு, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குவார்கள். எல்லாம் இறுகியபின் தண்டு தடையின்றி வழுகி வெளியே வந்தால் மையம் சரி. பிளேட்டைத் திருப்பிப் போடாமலிருப்பதும் இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டியது. நடுவே புடைத்து ஸ்பிரிங்குகள் தெரியும் பக்கம் பொதுவாகக் கியர் பாக்ஸை நோக்கியே இருக்கும்.

ஏற்றும்போது கியர் பாக்ஸ் எஞ்சினின் அதே அச்சில், அதே சாய்வில் வந்து சேர வேண்டும். தலை வெட்டிய இரண்டு நீண்ட போல்ட்டுகளைக் கூட்டின் மேல் துளைகளில் முன்னதாகவே திருகிவைத்தால், அவை வழிகாட்டும் கம்பிகளாகிப் பாரத்தையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். தண்டின் பற்கள் பிளேட்டின் பல்வரிகளோடு பொருந்தாமல் முட்டி நிற்பது இயல்பு. அப்போது ஏதாவது ஒரு கியரில் போட்டுவிட்டு, பின்முனைத் தண்டைக் கையால் மெல்லத் திருப்பினால் முன்தண்டும் சுழன்று, ஒரு புள்ளியில் ‘களுக்’ என்று உள்ளே இறங்கும். கடைசி ஓர் அங்குல இடைவெளியைப் போல்ட்டுகளை முடுக்கியே மூடிவிடலாம் என்ற ஆசைதான் பல கியர் பாக்ஸ் கூடுகளின் காதுகள் உடைவதற்குக் காரணம். சரியான அச்சில் இருக்கும் கியர் பாக்ஸ் கைத்தள்ளலிலேயே முகத்தோடு முகம் ஒட்டி அமரும். அமராவிட்டால் பிழை கோணத்தில் இருக்கிறதே தவிர வலிமைக் குறைவில் இல்லை.

எல்லாவற்றையும் இணைத்தபின் இறுதியாகச் சரிசெய்யப்படுவது பெடலின் தளர்வசைவு, அதாவது கிளட்ச் வேலைசெய்யத் தொடங்கும் முன் பெடல் எதிர்ப்பின்றி இறங்கும் சிறு தூரம். ரிலீஸ் பேரிங் கிளட்சைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் இடைவெளியே பெடலில் இவ்வாறு உணரப்படுகிறது. ஓட்டுநர் காலை எப்போதும் பெடல்மேல் வைத்திருந்தால் அந்த இடைவெளி அழிந்து, வளையம் ஓயாமல் உரசித் தேயும். கம்பியும் நெம்புகோலும் கொண்டு, திருகால் சரிசெய்யப்படும் அமைப்புகளில் இந்தத் தளர்வசைவு இன்னொன்றையும் சொல்கிறது: பட்டை தேயத் தேய அது தானாகவே குறைந்துகொண்டு வரும். கூட்டுக்குள் மறைந்திருக்கும் பிளேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை, கியர் பாக்ஸை இறக்காமலேயே, பெடலின்மேல் வைத்த விரல்களால் அளந்துகொள்ளலாம்.