மரத்தின் உள்வரை சாயம் ஏறுவது எப்படி?

ஆரணிப் பக்கம் பட்டுநூலைச் சூடான சாயத்தில் முக்கினால் போதும். பட்டின் புரதமே நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். மரக்கட்டையை அப்படி முக்கினால் மேற்பரப்பு மட்டும்தான் நிறம் மாறும். ஏன்? உள்ளே காற்று குடியிருக்கிறது. மரத்தின் செல்சுவர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமான பொருள். அப்படியும் கட்டை மிதக்கிறதென்றால், உள்ளே எவ்வளவு காலி இடம் பாருங்கள்!

அந்தக் காற்றை வெளியேற்றத்தான் வெற்றிடக் கலம். சாயம் கலந்த ரெசினில் (சூட்டில் இறுகும் திரவப் பிசின்) கட்டையை எடை வைத்து அமிழ்த்தி, பம்பை ஓட்டினால் குமிழிகள் கிளம்பும். அவை அடங்கச் சில மணி நேரம்கூட ஆகலாம். வெற்றிடம்தான் ரெசினை உள்ளே இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வால்வைத் திறந்த பிறகே வேலை நடக்கிறது: வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடையோடு ரெசினை உள்ளே தள்ளும். எனவே உடனே எடுக்காமல் ஊறவிட வேண்டும். அப்புறம் அடுப்பில் சுமார் 90 டிகிரி செல்சியஸில் வைத்தால் ரெசின் இறுகும்.

கட்டையில் ஈரமிருந்தால் காரியம் கெட்டது. தேக்கின் வைரமும் லேசில் மசியாது, அதன் குழாய்கள் அடைபட்டவை. பூஞ்சை தின்று பொதபொதத்த கட்டைதான் இதற்குத் தோது.

இப்படிக் காற்றை எடுத்துவிட்டு, சாயத்துக்குப் பதில் மரம் உளுக்காமல் காக்கும் மருந்தை ஏற்றும் உத்தி பழையது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோண்டி காமேசம் 1933-இல் கண்டறிந்த செம்பு-குரோமியம்-ஆர்சனிக் மருந்தும் இவ்வழியேதான், கூடுதல் அழுத்தத்தோடு, உலகெங்கும் மரக் கம்பங்களுக்குள் ஏறியது.